இதயத்தில் ஒன்றுமில்லை என்று ஏழு மாதம் சொன்னார்கள்

2022 ஏப்ரலில் ஒரு வியாழக்கிழமை, ராத்திரி பத்தரை மணி இருக்கும். பெருமாநல்லூர்ப் பக்கம் ஒரு பிரிண்டிங் யூனிட்டில் துணி பார்த்துவிட்டு பைக்கில் திருப்பூர் திரும்பிக்கொண்டிருந்தேன். நான் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசர், அதாவது ஆர்டர் எடுத்ததிலிருந்து சரக்கு அனுப்பும்வரை பார்த்துக்கொள்பவன். அன்றைக்குப் பார்த்த துணியில் பிரிண்ட் சரியாகப் பிடிக்கவில்லை. மறுபடி ஓட்டினால் ஷிப்மென்ட் தேதி தவறும், கப்பலில் போக வேண்டிய சரக்கு விமானத்தில் போகும், அந்தச் செலவு கம்பெனி தலையில் விழும் என்று மனதுக்குள் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. புதுக் கணக்கு இல்லை, பன்னிரண்டு வருடமாக இதே பிழைப்புதான். சிக்னலில் நின்றபோது, பவர் டேபிள் தையல் மெஷினை யாரோ முழு வேகத்தில் மிதித்தது போல இதயம் அடிக்க ஆரம்பித்தது. மூச்சு உள்ளே போகிறது, ஆனால் பற்றவில்லை. விரல் நுனிகளும் உதடும் மரத்துப்போயின. எதிரில் இருந்த ரோடு எங்கோ தூரத்தில் இருப்பது போலத் தெரிந்தது. செத்துக்கொண்டிருக்கிறேன் என்று அந்த நிமிடம் எனக்குத் துளிகூடச் சந்தேகம் இல்லை. நான்கு மாதத்துக்கு முன்புதான் பக்கத்து கம்பெனியில் 41 வயது கட்டிங் மாஸ்டர் ஒருவர் மாரடைப்பில் போயிருந்தார். எனக்கு அப்போது 34. பைக்கை ஓரமாகச் சாய்த்துவிட்டு வீட்டுக்குப் போன் போட்டேன். மனைவி "என்னங்க பண்ணுது, சொல்லுங்க, என்னங்க பண்ணுது" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். எனக்கு வார்த்தை வரவில்லை.

பக்கத்து டீக்கடைக்காரர் ஆட்டோ பிடித்துக் கொடுத்து ஒரு தனியார் மருத்துவமனைக்கு அனுப்பினார். ஈசிஜி, மாரடைப்பைக் கண்டுபிடிக்க ரத்தத்தில் பார்க்கும் ட்ரோபோனின், ஒரு ராத்திரி ஐசியூ. எல்லாம் நார்மல். காலையில் வந்த டாக்டர், "ஹார்ட்ல ஒண்ணுமில்லீங்க. கேஸா இருக்கும். டென்ஷனக் குறைச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். பில் 18,400 ரூபாய். ஒரு விஷயத்தில் எனக்கு வருத்தமே இல்லை. முதல் தடவை நெஞ்சு படபடத்து மூச்சு முட்டினால் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். இது பதற்றம்தான் என்று யாரும் வீட்டில் உட்கார்ந்து முடிவுசெய்யக் கூடாது. அதுவும் நெஞ்சை அழுத்திப் பிழியும் வலி, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, நடந்தால் அதிகமாகும் வலி என்றால் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காதீர்கள். இதயத்தில் ஒன்றுமில்லை என்று உறுதியான பிறகு, அப்படியானால் வேறு எதில் என்று நானும் கேட்கவில்லை, எனக்கும் யாரும் சொல்லவில்லை. என் ஏழு மாதம் போனது அந்தக் கேள்வியைக் கேட்காததால்தான்.

ஒன்பதாவது நாள் மறுபடி வந்தது, இந்த முறை வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது. வேறொரு மருத்துவமனை, மறுபடி ஈசிஜி, 6,200 ரூபாய். அப்புறம் கோயம்புத்தூரில் எக்கோ, டிரெட்மில், சிடி ஆஞ்சியோ எல்லாம் சேர்த்து 16,500. கேஸ் என்று சொன்னார்களே என்று எண்டோஸ்கோபியும் ஒரு மாத மாத்திரையும் 5,900. முழு உடல் பரிசோதனை என்று 3,500. தலை லேசாகச் சுற்றுகிறது என்று சொன்னதற்கு எம்ஆர்ஐ 7,500. அம்மா ஊரில் மந்திரிக்கக் கூட்டிப்போய், கயிறு கட்டி, கோயில் கோயிலாகப் போனதில் 4,000. மொத்தம் 62,000 ரூபாய், 23 நாள் லீவு. ஒவ்வொரு ரிப்போர்ட்டும் நார்மல் என்று வரும்போது இரண்டு நாளைக்கு நிம்மதி, மூன்றாம் நாள் அந்த மெஷினில் தெரியாத ஏதோ ஒன்று இருக்குமோ என்ற சந்தேகம். இதைப் படிக்கும் யாருக்காவது இப்படி நடக்கிறது என்றால் தயவுசெய்து கவனியுங்கள்: நார்மல் ரிப்போர்ட் தரும் நிம்மதி ஒவ்வொரு முறையும் முன்பைவிடச் சீக்கிரம் தீர்ந்துபோகிறது என்றால், நீங்கள் தேட வேண்டியது அடுத்த ஸ்கேன் சென்டரை அல்ல.

இதற்கு நடுவில் என் உலகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது. முதலில் பெருமாநல்லூர் ரோட்டை விட்டேன், அப்புறம் பைக்கையே விட்டேன். பஸ்ஸில் கதவுப் பக்கம்தான் உட்காருவேன். கல்யாண மண்டபத்தில் பந்தியில் உட்கார மாட்டேன். எந்தத் தெருவில் எந்த மருத்துவமனை என்று மனப்பாடம். தாக்கம் வந்தது மாதத்துக்கு நான்கைந்து தடவைதான், ஆனால் அடுத்தது எப்போது வரும் என்ற பயம் இருபத்து நான்கு மணி நேரமும் இருந்தது. மகனுக்கு அப்போது ஆறு வயது. பள்ளி ஆண்டு விழாவில் அவன் மேடையில் ஆடும்போது நான் வெளியே ஆட்டோ ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் தொண்டை அடைக்கிறது. மாமனார் நல்ல மனிதர், அக்கறையோடுதான் சொன்னார்: "மனசத் திடமா வச்சுக்குங்க மாப்ள. எல்லாம் மனசுதான்." மனதைத் திடமாக வைக்கத்தான் நான் ஒவ்வொரு நாளும் போராடிக்கொண்டிருந்தேன். போராடப் போராட இன்னும் பலமாக வந்தது. அப்படியானால் நான் கோழை என்றுதான் புரிந்துகொண்டேன்.

ஜூலையில் ஒரு பொது மருத்துவர் ஐந்து நாளைக்கு அல்பிரஸோலம் என்ற பதற்ற மாத்திரை கால் மில்லிகிராம் எழுதிக் கொடுத்தார். முதல் மாத்திரை போட்ட அரை மணியில், மூன்று மாதத்தில் முதன்முறையாகத் தோள் இறங்கியது. ஐந்து நாள் முடிந்ததும் அதே சீட்டைக் காட்டி மெடிக்கலில் வாங்கினேன். பிறகு சீட்டு இல்லாமலே கொடுத்தார்கள். சீட்டில்லாமல் கொடுக்கக் கூடாத மாத்திரை அது, விற்றதைத் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது. மூளையில் காபா என்று ஒரு வேதிப்பொருள் நரம்பணுக்களின் ஆர்ப்பாட்டத்தை அடக்கும் வேலையைச் செய்கிறது. அல்பிரஸோலம் அந்தக் காபாவின் வேலையைத் தூக்கிவிடும். அதனால்தான் அவ்வளவு வேகம். ஆனால் தினமும் போட்டால் மூளை அதற்குப் பழகிவிடும். அளவு பற்றாது, நேரம் தவறினால் முன்பைவிட அதிகப் படபடப்பு. அக்டோபரில் நான் அரை மில்லிகிராம் மூன்று வேளை போட்டுக்கொண்டிருந்தேன். சட்டைப் பையில் ஸ்ட்ரிப் இல்லாமல் வாசலைத் தாண்ட மாட்டேன். நீங்களும் இப்படி ஒன்றில் மாட்டியிருந்தால் ஒரே நாளில் தூக்கி எறியாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். மருத்துவரிடம் உண்மையான எண்ணிக்கையைச் சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாக இறக்க வேண்டும். எண்ணிக்கையைச் சொல்ல எனக்கும் வெட்கமாகத்தான் இருந்தது.

எனக்கு வழி காட்டியவர் எங்கள் தெருவில் இருந்த ஒரு வயதான டாக்டர். நவம்பரில் மகனுக்குக் காய்ச்சல் என்று கூட்டிப்போனேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு என்னிடமும் பேச்சுக் கொடுத்தார், நடந்ததைச் சொன்னேன். "வர்றப்ப மட்டும் பயப்படுறீங்களா, இல்ல மறுபடி வந்துருமோன்னே பயப்படுறீங்களா?" என்று கேட்டார். அவ்வளவுதான், அந்தச் சின்ன கிளினிக்கில் பையன் எதிரில் அழுதுவிட்டேன். மனநல மருத்துவரைப் பார்க்கச் சொன்னார். சொந்தக்காரர் யாராவது பார்த்துவிட்டால் என்ன ஆவது, பையனுக்கு நாளை பெண் கொடுப்பார்களா என்றெல்லாம் யோசித்து ஈரோட்டில் ஒரு டாக்டரைப் பிடித்தோம். பீஸ் 600 ரூபாய். நாற்பது நிமிடம் பேசினார். எந்த ஸ்கேனும் எடுக்கச் சொல்லவில்லை. தைராய்டு ரிப்போர்ட் மட்டும் பார்த்தார், ஏனென்றால் தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இதே படபடப்பு வரும். "பேனிக் டிஸார்டர்" என்றார், திடீர் திடீரென்று கடும் பயம் தாக்கும் நோய். அப்படியானால் எனக்கு ஒன்றும் இல்லையா என்று கேட்டேன். "இருக்கு. இதயத்துல இல்ல. இதயத்துக்கு ஆர்டர் போடுற இடத்துல இருக்கு" என்றார். ஏழு மாதத்தில் எனக்கு 'இருக்கு' என்று சொன்ன முதல் ஆள். அந்த ஒரு சொல்லுக்காகவே அவரைக் கும்பிட்டேன்.

அவர் சொன்னதையும் பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன். மூளைக்குள், காதுக்கு நேராக உள்ளே போனால் பாதாம் பருப்பு அளவில் அமிக்டலா என்று ஒரு பகுதி இருக்கிறது. ஆபத்தை மோப்பம் பிடிப்பது அதன் வேலை. பிடித்த உடனே, நாம் யோசித்து முடிப்பதற்குள், நரம்பு வழியாகச் சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிக்குச் சேதி போய்விடும். அட்ரீனலின் ரத்தத்தில் கொட்டும். ஓடுவதற்கோ சண்டை போடுவதற்கோ இதயம் வேகமாக அடிக்கும், மூச்சு வேகமாகும். பாம்பைக் கண்டால் இதெல்லாம் வேண்டும். ஆனால் நான் பைக்கில் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். ஓடாமலே வேகமாக மூச்சு விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு தேவைக்கும் கீழே இறங்கிவிடும். அதனால்தான் விரலும் உதடும் மரத்துப்போகின்றன. மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்குவதால் தலை கிறுகிறுக்கிறது. மூச்சு பற்றவில்லை என்று நாம் இன்னும் இழுத்து விடுகிறோம், அது இன்னும் மோசமாக்குகிறது. இதை டாக்டர் ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டியபோது, நான் சாவின் அறிகுறி என்று நினைத்த ஒவ்வொன்றுக்கும் ஒரு சாதாரண விளக்கம் இருப்பது தெரிந்தது. தாக்கம் பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய்த் தானாக இறங்கிவிடும் என்பதையும் அன்றுதான் தெரிந்துகொண்டேன். இந்த ஒரு பக்கத்தை முதல் ராத்திரி ஐசியூவில் யாராவது சொல்லியிருக்கலாம்.

சரி, பாம்பே இல்லாத இடத்தில் ஏன் அலாரம் அடித்தது? இங்கேதான் மன அழுத்தம் வருகிறது. 2021 கடைசியிலிருந்து நூல் விலை மாதா மாதம் ஏறியது திருப்பூர்க்காரர்களுக்கு நினைவிருக்கும். 2022 மே மாதம் ஊரே இரண்டு நாள் வேலைநிறுத்தம் செய்தது அதற்காகத்தான். பழைய விலைக்கு ஆர்டர் எடுத்துவிட்டு புது விலைக்கு நூல் வாங்க வேண்டிய நிலை. சரக்கு வாங்கும் பையருக்கும் ஓனருக்கும் நடுவில் நான். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு பையர் கால், காலை ஏழு மணிக்குத் துணிக்குச் சாயம் போடும் டையிங் யூனிட்டுக்கு ஓட்டம். தூக்கம் நாலரை மணி நேரம், டீ ஒரு நாளைக்கு எட்டு. அட்ரீனலின் நிமிடங்களில் அடங்கிவிடும். ஆனால் அழுத்தம் நீளும்போது இன்னொரு ஹார்மோன், கார்டிசால், தொடர்ந்து வேலைசெய்கிறது. மூளையில் உள்ள ஹைபோதலாமஸ் என்ற பகுதி அதன் கீழே இருக்கும் பிட்யூட்டரி சுரப்பிக்குச் சொல்ல, பிட்யூட்டரி அட்ரீனலுக்குச் சொல்ல, கார்டிசால் சுரக்கும். போதும் என்றால் மூளை அதை நிறுத்தும். மாதக்கணக்கில் அழுத்தம் இருந்தால் அந்தப் 'போதும்' சரியாக வேலைசெய்யாமல் போகலாம். இயல்பாகவே தூங்கி எழுந்த அரை மணி, முக்கால் மணி நேரத்தில் கார்டிசால் உச்சத்துக்குப் போகும். எனக்குக் காலை நேரம்தான் மிக மோசமாக இருந்தது என்பதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம் என்று டாக்டர் சொன்னார்.

என்னை நிமிர்ந்து உட்காரவைத்த விஷயம் ஒன்று உண்டு. பெங்களூரில் உள்ள என்சிபிஎஸ் (தேசிய உயிரியல் அறிவியல் மையம்) ஆராய்ச்சி நிலையத்தில் சுமந்த்ர சட்டர்ஜியின் குழு எலிகளை வைத்துச் செய்த ஆய்வு. தினமும் இரண்டு மணி நேரம் அசையவிடாமல் வைத்து, பத்து நாள் அழுத்தம் கொடுத்தார்கள். நினைவுக்கும் கார்டிசாலுக்குக் கடிவாளம் போடுவதற்கும் உதவும் ஹிப்போகாம்பஸ் பகுதியில் நரம்பணுக்களின் கிளைகள் சுருங்கின, அமிக்டலாவிலோ கிளைகள் வளர்ந்தன. அழுத்தத்தை நிறுத்தி இருபத்தொரு நாள் விட்டுப் பார்த்தார்கள். ஹிப்போகாம்பஸ் பழைய நிலைக்கு வந்துவிட்டது, அமிக்டலாவில் வளர்ந்தது அப்படியே இருந்தது, எலிகளின் பயமும் போகவில்லை. 2004-இல் வந்த ஆய்வு அது. எலிக்கு நடந்தது அப்படியே மனிதனுக்கு நடக்கும் என்று சொல்ல முடியாதுதான். ஆனாலும் எனக்கு அது பெரிய விடுதலையாக இருந்தது. 'இந்த ஷிப்மென்ட் போகட்டும், எல்லாம் சரியாகிவிடும்' என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஷிப்மென்ட் போனது, நூல் விலைகூட இறங்கியது, பயம் மட்டும் போகவில்லை. காரணம் போன பிறகும் நோய் தங்கும் என்பது என் பலவீனம் அல்ல, உடம்பின் வழக்கம்.

டாக்டர், பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் கொடுக்கும் எஸ்சிட்டலோபிராம் மாத்திரையை 5 மில்லிகிராமில் ஆரம்பித்து பிறகு 10 ஆக்கினார். அல்பிரஸோலத்தை மூன்று மாதத்தில் படிப்படியாக இறக்கினார். மாத்திரைச் செலவு மாதம் முந்நூறு ரூபாய்க்குள். முதல் பத்து நாள் பயம் கூடியது, குமட்டல், தூக்கமின்மை. முன்கூட்டியே சொல்லியிருந்ததால்தான் தாக்குப்பிடித்தேன். இந்த மாத்திரைகள் முழுப் பலன் தர நான்கு முதல் எட்டு வாரம் ஆகலாம், ஆரம்பத்தில் படபடப்பு கூடலாம். அதனால்தான் பேனிக்குக்குச் சின்ன அளவில் தொடங்குகிறார்கள். தாம்பத்யத்தில் நாட்டம் குறைந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கேட்க வெட்கப்பட்டு ஐந்து மாதம் வீட்டில் தேவையில்லாத மனக்கசப்பு. கேட்டபோது டாக்டர் சாதாரணமாக, "இது அடிக்கடி வர்றதுதான், பார்த்துக்கலாம்" என்றார். ஏழாவது வாரம் ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது, எழுந்ததிலிருந்து இதயத்தைப் பற்றி நினைக்கவே இல்லை என்று தோன்றியது. 2023 ஜனவரி. பொங்கலுக்கு பைக்கில் போனேன்.

இரண்டாவது தப்பு இங்கே ஆரம்பித்தது, முதல் தப்பைவிடப் பெரியது. எனக்கு மாத்திரை ஆரம்பித்தபோது மெடிக்கலில் இருந்த பையன், "செரோட்டோனின் கம்மியா இருக்குங்கண்ணா, இது போட்டா ஏறிடும்" என்று சொல்லியிருந்தான். செரோட்டோனின் என்பது மூளையில் உள்ள இன்னொரு வேதிப்பொருள். எனக்கு அந்தக் காரணம் பிடித்துப்போனது. மனசத் திடமா வை என்பதைவிட எவ்வளவு கௌரவமான காரணம்! டேங்கில் பெட்ரோல் குறைந்திருக்கிறது, நிரப்பினால் தீர்ந்தது. எட்டு மாதம் நிரப்பியாயிற்று. அப்போது வாட்ஸப்பில் ஒரு செய்தி வந்தது. மனச்சோர்வுக்குக் காரணம் செரோட்டோனின் குறைவு என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று 2022-இல் லண்டன் ஆய்வாளர்கள் பல ஆய்வுகளைத் தொகுத்து எழுதியிருக்கிறார்கள், ஆகவே இந்த மாத்திரை எல்லாம் ஏமாற்று என்று. முதல் பாதி உண்மை. 'ஆகவே' என்று தொடங்கும் பாதியைச் சேர்த்தவர் வாட்ஸப்காரர். நான் 2023 ஜூலையில் டாக்டரிடம் சொல்லாமல் ஒரே நாளில் நிறுத்தினேன்.

மூன்றாம் நாள் தலையைத் திருப்பினால் மண்டைக்குள் மின்சாரம் தொட்டது போல ஒரு சுரீர். கிறுகிறுப்பு, காரணமில்லாத எரிச்சல், மகனை அடித்துவிட்டேன். இரண்டு வாரத்தில் அது அடங்கியது, ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஆறாவது வாரம் பேனிக் திரும்பி வந்தது. கூடவே இதுவரை இல்லாத ஒன்றும் வந்தது: எதிலும் ருசி இல்லை. காலையில் எழுந்து சட்டை போடுவது மலை ஏறுவது போல. குழந்தை சிரித்தாலும் உள்ளே எதுவும் அசையாது. நான் இல்லாவிட்டால் இவர்களுக்குச் சுமை குறையும் என்ற எண்ணம் வந்தது. அதை மனைவியிடம் சொன்னது நான் செய்த ஒரே நல்ல காரியம். அவள் அன்றே என்னை ஈரோட்டுக்குக் கூட்டிப்போனாள். அந்த எண்ணம் யாருக்காவது வந்தால் ஒரு ஆளிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள், அதே நாளில். யாரும் இல்லை என்றால் அரசின் மனநல உதவித் தொலைபேசி டெலி மானஸ், எண் 14416, இருபத்து நான்கு மணி நேரமும் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. வேலைக்கு இரண்டு மாதம் போகவில்லை. சம்பளம் 84,000 ரூபாய் போனது, அக்கா வளையலை அடகு வைத்துக் கொடுத்தார்.

டாக்டர் திட்டவில்லை. "குடை இருந்தா நனையாம போறோம். குடை இல்லாததாலதான் மழை வந்துச்சுன்னு சொல்ல முடியுமா? குடைக் கம்பெனிக்காரன் சொன்ன காரணம் தப்புன்னு தெரிஞ்சா நடு மழையில குடையத் தூக்கிப் போடுவோமா?" என்று கேட்டார். செரோட்டோனின் கதை எப்படி வந்தது என்றும் சொன்னார். 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் காசநோய்க்காக ஐப்ரோனியாசிட் என்ற மருந்தைக் கொடுத்தபோது நோயாளிகளின் மனநிலை ஏறியதைக் கவனித்தார்கள். பிறகு அது மூளையில் எந்த வேதிப்பொருளைக் கூட்டுகிறது என்று பார்த்து, அது குறைந்ததால்தான் நோய் என்று பின்னோக்கி யூகித்தார்கள். ஆனால் இந்த மாத்திரைகள் சில மணி நேரத்திலேயே செரோட்டோனினைத் தொட்டுவிடுகின்றன, மனிதன் தேற வாரக்கணக்கில் ஆகிறது. டேங்க் நிரப்பும் வேலை மட்டும் என்றால் முதல் நாளே சரியாகியிருக்க வேண்டுமே? மூளை தன் இணைப்புகளை மெதுவாக மாற்றிக்கொள்ள அந்த மருந்து இடம் கொடுக்கிறது என்பதுதான் இப்போது பலரும் சொல்லும் விளக்கம். மாத்திரையைக் கண்டிப்பாக நிறுத்தலாம், ஆனால் நன்றாகி ஆறு மாதமோ ஒரு வருடமோ போன பிறகு, மருத்துவர் சொல்லும் வேகத்தில். நிறுத்திய சில நாளில் வருவது மருந்து விட்டதன் விளைவு, வாரங்கள் கழித்து வருவது பெரும்பாலும் நோய் திரும்புவது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

எல்லாம் மனசு என்ற பேச்சும் எல்லாம் கெமிக்கல் என்ற பேச்சும், இரண்டுமே என்னை ஆளுக்கொரு பக்கம் தள்ளிவிட்டன. முதல் பேச்சில் மருந்து அவமானம். இரண்டாவது பேச்சில் மருந்தைத் தவிர நான் செய்ய எதுவுமில்லை. இந்த முறை மருந்தோடு சைக்காலஜிஸ்ட்டிடமும் போனேன். கையில் காசு இல்லாததால் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போனோம். மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் மருந்தும் ஆலோசனையும் இலவசம். வரிசை நீளம், நேரம் ஆகும், ஆனால் அங்கே பேசிய அந்தச் சகோதரி எனக்குக் கற்றுக்கொடுத்தது கோயம்புத்தூர் ஸ்கேன் எதிலும் கிடைக்காதது. வேண்டுமென்றே நாற்காலியில் சுற்றவைத்துத் தலைசுற்ற வைத்தார். படியேறி இதயத்தை வேகமாக்கச் சொன்னார். ஜூஸ் குடிக்கும் ஸ்ட்ரா வழியாக ஒரு நிமிடம் மூச்சு விடச் சொன்னார். அந்த உணர்வு வந்தால் ஓடாமல் அங்கேயே இருப்பது, அது தானாக இறங்குவதை உடம்பு பார்ப்பது. அமிக்டலாவுக்கு வாயால் சொன்னால் கேட்காது, நடத்திக் காட்டினால்தான் கற்றுக்கொள்ளும் என்றார். ஆறு வாரம் தினமும் பெருமாநல்லூர் ரோட்டில் ஒரு கிலோமீட்டர் கூடுதலாகப் போனேன். சட்டைப் பையில் மாத்திரை இல்லாமல் போன முதல் நாள், திரும்பிவந்து மனைவியைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

வேலையில் ஒன்றிரண்டு மாற்றினேன். ஓனரிடம் நேராகச் சொன்னேன், ராத்திரி கால் வாரத்துக்கு இரண்டுதான் என்று. வேலை போய்விடும் என்று பயந்தேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அவருடைய தம்பியும் இந்த மாத்திரைதான் சாப்பிடுகிறார் என்றார். எல்லா ஓனரும் இப்படி இருக்க மாட்டார்கள், தெரியும். டீயை இரண்டாக்கினேன், காபீன் என் மாதிரி ஆட்களுக்குப் படபடப்பைத் தூண்டிவிடும். தூக்கம் ஏழு மணி நேரம் என்பதை மாத்திரை மாதிரியே நேரம் தவறாமல் எடுத்துக்கொள்கிறேன். இன்சூரன்ஸ் பற்றி ஒரு வார்த்தை: 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி உடல் நோய்க்குத் தரும் அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும். ஆனால் என்னுடையது போன்ற பாலிசியில் மருத்துவமனையில் சேராமல் பார்க்கும் செலவு எந்த நோய்க்குமே வராது. பாலிசி எடுக்கும்போதே புறநோயாளி செலவு உண்டா என்று கேட்டுவிடுங்கள். பீஸ், மருந்து சீட்டு, பில் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் தேதி வரிசையில் வையுங்கள். நான் அப்படி வைத்திருந்தால் மூன்றாவது டாக்டரே கண்டுபிடித்திருப்பார் என்று நினைக்கிறேன்.

2024 செப்டம்பரிலிருந்து மாத்திரையைக் குறைக்கத் தொடங்கினோம். பத்திலிருந்து ஏழரை, ஐந்து, அப்புறம் இரண்டரை. ஒவ்வொரு படிக்கும் ஆறு வாரம். 2025 ஜனவரி கடைசியில் முழுவதும் நின்றது. மறுபடி தேவைப்பட்டால் மறுபடி போடுவேன், அதில் எனக்கு இப்போது வெட்கம் இல்லை. போன மாதம் ஒரு சாம்பிள் பெட்டியோடு போய்க்கொண்டிருந்தபோது அதே சிக்னலில் வந்தது. அதே படபடப்பு, அதே விரல் மரப்பு. பின்னால் லாரி ஹாரன் அடித்தது. பைக்கை ஓரம் கட்டவில்லை. மூச்சை மெதுவாக வெளியே விட்டுக்கொண்டே, விளக்கு பச்சையானதும் எல்லோரோடும் சேர்ந்து நகர்ந்தேன். கொஞ்ச தூரம் போவதற்குள் அடங்கிவிட்டது. பெட்டியைக் கொரியரில் போட்டுவிட்டு, மகனின் பள்ளியில் பெற்றோர் கூட்டம் இருந்தது, அங்கே போனேன். மூன்றாவது வரிசையில் நடுவில் உட்கார்ந்தேன்.